மேடு பார்த்து நிறுத்திய வண்டி

நைனா,

இன்று சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துவிட்டது.

ஒரே திருப்பு. யாரும் தள்ளவில்லை. டீசல் புகை நம் வாசல்வரை போனது. அந்த வாசனை வந்தால் நீ வந்துவிட்டாய் என்று பொருள். மீன் கழுவிய கையோடு அம்மா ஓடிவந்தாள். ஸ்டியரிங் பக்கம் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மீது.

ஆதம்பாக்கத்து மெக்கானிக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "புது செல்ப் மோட்டார் மாட்டியாச்சு, தங்கச்சி. ஒரு காலைல முடியற வேலை. உங்க நைனா கைல எத்தினி வாட்டி சொன்னேன். கேட்டாத்தான?"

ஒரு காலை வேலை.

நான் கேட்டபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? "தள்னா போவுதுல்ல. அப்பால இன்னாத்துக்கு செல்ப்பு?" ஆனால் ஆயுத பூஜைக்கு முகப்பில் புது பெயிண்ட். புது ஹாரன். எஞ்சினில் சின்னதாய் ஒரு சத்தம் மாறினால் நடுரோட்டில் நிறுத்திக் காது வைத்துக் கேட்பாய். இந்தக் கிழட்டு மினி லாரிக்கு நீ காட்டிய பரிவில் பாதியை உனக்குக் காட்டவில்லை.

சென்னையில் மேடே கிடையாது. உன்னோடு வீடு மாற்றும் சாமான் ஏற்றப் போன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. சரிவில் நிறுத்தினால்தான் உருட்டிவிட்டு கியர் போட முடியும். கோட்டூர்புரம் பாலத்தடி. மாம்பலம் சுரங்கப்பாதைக்கு முன்னால் கொஞ்சம் இறக்கம். மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் சாய்வு. ஊரே உனக்கு ஏற்றமும் இறக்கமும்தான். மேடு கிடைக்காத இடத்தில் நான் ஸ்டியரிங்கில், நீ பின்னால். "எம்.ஏ. படிச்ச கிளீனர் வேற எவன் கைல கீது?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய்.

நன்றாகவும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மயிலாப்பூரில் ஒருநாள் வீட்டுக்காரப் பெரியவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நின்றார். வண்டி பிடித்ததும் குழந்தைபோல் கூவினார்: "பாத்தியாடி! நம்மாத்து பீரோவ நானே தள்ளி அனுப்பிச்சுட்டேன்!" மாடியிலிருந்து மாமி, "நீங்களும் அதுலயே ஏறிப் போயிடுங்கோ" என்றார். நீ சிரித்த சிரிப்பு எனக்கு எஞ்சினைத் தாண்டிக் கேட்டது.

தள்ளுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாய். "புடிச்சிச்சின்னா நிறுத்தாத. திரும்பிப் பாக்காத. முனை வரைக்கும் போய்க்கினே இரு." நடுவில் அணைந்தால் மறுபடி தள்ள வேண்டும். அதனால் சட்டம்.

அன்று மேற்கு மாம்பலம். உச்சி வெயில். தெருவில் இருந்த ஒரே சரிவில் யாரோ காரை நிறுத்தியிருந்தார்கள். சாமான் ஏற்றிய ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்றேன். "அவனுங்க வர்றதுக்குள்ள நீ இன்னொரு எம்.ஏ. முடிச்சிருவ. ஏறு."

ஏறினேன். தள்ளினாய். பிடித்தது. எப்போதும் பின்பலகையைத் தட்டி "ரைட்" என்பாய். அன்று தட்டவில்லை. நான் திரும்பவில்லை. முனைவரை போய் ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். அணைத்தால் நீ திரும்பத் தள்ள வேண்டுமே.

நீ தார் ரோட்டில் குப்புறக் கிடந்தாய்.

நெஞ்சு வலி என்று வந்தபோதே தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோமே என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எங்களிடம் நீ சொன்னது: "சும்மா கேஸ் ட்ரபுள்." டூல் பெட்டியில் ஸ்பானர்களுக்கு நடுவே உன் மாத்திரை அட்டை கிடந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்: "படுக்கைல கெடக்காம தொழில் மேல போனான். குடுத்து வெச்ச மனுசன்." யாருக்குக் கொடுத்து வைத்தது? உன்னைவிட்டு விலகிப் போகும்படி என்னை ஓட்டவைத்துவிட்டுப் போனாய். என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை.

வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. நானும் சரி என்றேன். கடைக்காரர், "தெருப் பசங்கள வெச்சு தள்ளிக்கினு வாம்மா" என்றார். இந்த வண்டியில் இனி ஒருவர் கை வைத்துத் தள்ள நான் விடமாட்டேன். உடைப்பதற்குப் போவதானாலும் அது தானாகவே கிளம்பிப் போகட்டும். அதற்காகத்தான் இந்த செல்ப் மோட்டார்.

மெக்கானிக் போன பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஒரு நாளாச்சும் என்ன இதுல முன்னால குந்த வெச்சாரா அந்த மனுசன்?" என்றாள். உன்மீது கோபம் எனக்கு மட்டுமில்லை. கொஞ்ச நேரம் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "காயலான் கடை எங்க ஓடிடப் போவுது? நீ விடு, அடையாறு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

போனோம். பாலத்தடியில் நிறுத்தினேன். சரிவில்தான். இனி தேவையில்லை என்று தெரியும். கை அங்கேதான் திருப்புகிறது. நாளை தி.நகரில் ஒரு வீடு காலி செய்கிறார்கள். அங்கிருந்தே போன் செய்து, சாமான் ஏற்ற வருவதாகச் சொல்லிவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன். பிடித்தது. ஆனால் உடனே வண்டியை நகர்த்தவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம்வரை நடந்து பார்த்தேன். யாரும் இல்லை. பின்பலகையை நானே தட்டிவிட்டு வந்து ஏறினேன்.

இனி ஒவ்வொரு முறையும் பார்ப்பேன், நைனா. உன் சட்டம் எனக்கு வேண்டாம்.