விண்கரை மூன்றில் ஓர் இடைவெளி

மார்ச் 4, செவ்வாய்

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூல், நான்காம் மெய்ப்பு. பக்கம் 61: 'வெற்றிடத்தில் ஒலி பரவும்.' ஏற்கெனவே மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். வட்டம் போட்டேன். பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்து, "சார், உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்றார். என்னைவிட எட்டு வயது இளையவர். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருப்பவர். அது பாராட்டா, குத்தலா? தெரியவில்லை. குத்தல் என்றே வைத்துக்கொள்கிறேன். அதுதான் எனக்குப் பழக்கம்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் சுவரொட்டி. விண்கரை, ஆறாம் பாகம், ஏப்ரல் 4 முதல். கேப்டனுக்குத் தாடி நரைத்துவிட்டது. தோளில் அதே இழுவைக் கயிறு. பார்த்துக்கொண்டே நின்றதில் என் பேருந்து போய்விட்டது.

போகப் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்துவிட்டாள். பையைக் கீழே வைப்பதற்குள்: "அப்பா, விண்கரை ஆறு வருதுப்பா! நீங்க இதுக்கு ரசிகர் மன்றமெல்லாம் வெச்சிருந்தீங்களாமே?"

யார் சொன்னது என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மன்றம்னா எப்பேர்ப்பட்ட மன்றம்! மொத்தமே ரெண்டு உறுப்பினர். அதுல ஒருத்தர் தலைவர், ஒருத்தர் செயலாளர். யார் தலைவருங்கறதுல மட்டும் ஆறு மாசம் சண்டை."

ஆறு மாதம் இல்லை, மூன்று வாரம்.

ஞாயிறுதோறும் ஒரு பாகம், ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்த்துவிட்டு ஆறுக்குப் போவோம் என்கிறாள். முதல் இரண்டும் சரி என்றேன். மூன்றாம் பாகம் இந்த வீட்டில் ஓடாது.

"ஏம்ப்பா?"

"அத மட்டும் கேக்காத" என்றாள் மனைவி. "பங்காளிச் சண்டை கூட ஒரு தலைமுறையில ஓய்ஞ்சிடும். இது ஓயாது."

மார்ச் 9, ஞாயிறு

முதல் பாகம் பார்த்தோம். முப்பது வருடத்தில் எத்தனையாவது முறையோ!

ஏன் இந்தப் படம் பிடிக்கும் என்று இதுவரை எழுதிவைத்ததே இல்லை. கேப்டன் வீரன் இல்லை. பழுதான கப்பல்களைக் கட்டி இழுத்து வருகிறவன். ஓர் இழுவைக்காரன். எதிரிக் கப்பல்கூட ஒரு கட்டத்தில் பழுதாகி நிற்கிறது. அதையும் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான். "பழுதுன்னு வந்துட்டா யாருதுன்னு பாக்க மாட்டோம்." ஆங்கிலத்தில் வந்த இந்த வசனத்துக்கு அன்று அரங்கில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கைதட்டினோம். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்த நிசப்தம். கப்பல் வெடிக்கிறது, சத்தமே இல்லை. வெற்றிடத்தில் ஒலி பரவாது! அதை மதித்த ஒரே சண்டைப் படம். இயற்பியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன். இனி யார் என்று எழுதாமல் விடக்கூடாது. குண்டூசி. விடுதியில் என் அறைக்காரன். ஒல்லி உடம்பு, பெரிய தலை. எனக்கு அவன் வைத்த பெயர் 'ஒற்று'. சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் 'இரவு சாப்பாடு' என்று எழுதியிருந்ததை நான் சுண்ணாம்புக்கட்டியால் 'இரவுச் சாப்பாடு' என்று திருத்திய அன்று வைத்தது. ஒரு 'ச்' போட்டதற்கு முப்பது வருடப் பெயர். எங்கள் மன்றத்துக்கு ஒரே ஒரு விதி: கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. வேலை செய்தவன் பெயரைப் படிக்காமல் போவது சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் போவது மாதிரி என்பான்.

மகள் இன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்த பிறகுதான் மன்ற விதியைச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாம் பாகம். முதல் பாகம் அளவுக்கு இல்லை. எதிரிகள் அதிகம், கயிறு குறைவு. ஆனால் மெக்கானிக் இதில்தான் வருகிறாள். இஞ்சினைக் காது வைத்துக் கேட்டே நோயைச் சொல்லும் பெண். அவளுக்காக இதை மன்னிக்கலாம்.

படம் முடிந்ததும் மகள் விடவில்லை. "மூணுல அப்படி என்னதாம்ப்பா நடந்துச்சு?"

சொன்னேன். பதினான்கு வருடம் முன்பு. டிக்கெட்டைக் குண்டூசிதான் கொண்டுவந்து கொடுத்தான். ஒரே ஒரு டிக்கெட். "நீ மட்டும் போய்ப் பாரு. நான் அப்புறமா பாக்கறேன். கடைசி வரைக்கும் உக்காருடா." தமிழில் பேசி வெளிவந்த முதல் விண்கரை அதுதான். பத்தாவது நிமிடமே விண்வெளியில் வெடிச்சத்தம்! அப்போதே எனக்குக் கொதித்துவிட்டது. கடைசியில் மெக்கானிக் இரண்டு கப்பல்களுக்கு நடுவே தொங்குகிறாள், அவள் கையைக் கேப்டன் பிடித்திருக்கிறான், கப்பல் அவனையும் சேர்த்து இழுக்கிறது. அவள் சொல்கிறாள்: 'கைவிடு.' சாகப் போகிறவள் எவளாவது 'என்னைக் கைவிடு' என்பாளா? 'கையை விடு' என்று எழுதத் தெரியாத ஒருவனிடம் என் படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கேப்டனும் கைவிடத்தான் போகிறான். யாருக்காகவும் கயிற்றை அறுக்காதவன்! எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்றிரவே உட்கார்ந்து ஒரு மாத இதழுக்கு நான்கு பக்கம் எழுதினேன். தலைப்பு: 'கைவிடப்பட்ட தமிழ்'. வசனம் எழுதியவனைக் கூலிக்கு அகராதி புரட்டுகிறவன் என்றேன். நல்ல வரவேற்பு. பதினோரு வாசகர் கடிதம்.

அதற்கப்புறம் குண்டூசி பேசவில்லை. நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஐந்தாம் முறை செய்யவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. பதினாறு வருடச் சிநேகிதம். பிடித்திருந்த கையை அவன்தான் விட்டான்.

"நீங்க ஏன்னு கேட்டீங்களா?" என்றாள் மகள்.

கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்?

மார்ச் 19, புதன்

பக்கம் 61 மறுபடி வந்தது. 'பரவும்' அப்படியே இருக்கிறது. மறுபடி வட்டம் போட்டேன். யாருக்காகப் போடுகிறேன்?

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மகள் மூன்றாம் பாகத்தைக் கேட்காமலேயே போட்டுவிட்டாள். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா உள்ள போய் உக்காருங்க." போகவில்லை. என் வீடு, என் நாற்காலி. நான் எதற்குப் போகவேண்டும்? செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன். மனைவி, "தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றாள். அது பொய். இருந்தாலும் சரிபார்த்துக்கொண்டேன்.

அந்தக் காட்சி வந்தது. மெக்கானிக் பேசினாள். மகள் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, 'கைவிடு'ன்னு எங்க சொல்றா?"

"இப்பச் சொன்னாளே!"

"இல்லப்பா. கேளுங்க."

மறுபடி போட்டாள். கை — ஒரு மூச்சு — விடு. மறுபடியும் போட்டாள். கை. அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள். விடு. என்னைக் கைவிட்டுவிடு என்று இல்லை. நீ பிழைத்துக்கொள், பிடித்த கையை எடு என்கிறாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டுகிறான். அவளே தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்கிறாள். ஒவ்வொன்றாக! இந்தப் பதினான்கு வருடத்தில் அந்த விரல்கள் ஒருமுறைகூட என் நினைவுக்கு வந்ததில்லை. நான்தான் பார்க்கவே இல்லையே. 'விடு' என்ற சொல் முடிவதற்குள் இருக்கையிலிருந்து எழுந்திருப்பேன்.

ஆக, காதால் கேட்ட ஒரு வசனத்தில், இல்லாத எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து நான்கு பக்கம் எழுதியவன் நான்.

சரி, தப்புதான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மன்ற விதி!" உட்கார்ந்தேன். பெயர்கள் ஓடின. விளக்கு, ஒலி, கணினி, பெயர் பெயராக, எவரெவரோ. எல்லாம் முடியப் போகிற இடத்தில்,

தமிழ் உரையாடல்: குண்டூசி, ஒற்று.

மகள் முதலில் சிரித்தாள். "என்னப்பா, யாரோ குண்டூசின்னு பேர் வெச்சிருக்காங்க…" அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

விடுதி அறையில் இரண்டு பேரும் சேர்ந்து முதல் இரண்டு பாகத்துக்கும் தமிழில் வசனம் பேசிப் பார்ப்போம். நான் கேப்டன், அவன் மற்ற எல்லாரும். அதற்காகத்தான் என் பெயரையும் போட்டிருக்கிறான். 'கடைசி வரைக்கும் உக்காருடா.' வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் விதியை மீறினேன். அந்த நாள்.

அவன் என்ன நினைத்திருப்பான்? கடைசிப் பெயர் வரை நான் உட்கார்ந்திருப்பேன் என்றுதானே? அவன் பெயரையும் படித்து, பக்கத்தில் என் பெயரையும் படித்து, அதற்கப்புறமும் 'கூலி' என்று எழுதினேன் என்று —

ஐயோ.

மார்ச் 24, திங்கள்

அலுவலகம் போகவில்லை. அவன் எண் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், எங்கே போய்த் தேடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதான் அவர் நம்பர். அவர் சம்சாரம்கிட்ட இப்ப வாங்கினேன்."

"உனக்கு எப்படி அவங்க…?"

"பதினாலு வருஷமா பேசிட்டுதான் இருக்கோம். தலைவருங்க ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டா மகளிர் அணியும் கலைஞ்சிடணுமா? உங்க ரெண்டு பேர் கதைய மட்டும் எடுக்கக் கூடாதுன்னு முதல் நாளே ஒப்பந்தம்."

கோபம் வந்தது. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன். அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை.

செய்தி எழுத உட்கார்ந்தேன். காலையிலிருந்து பதினேழு தடவை எழுதி அழித்தேன். விளக்கம், பின்னணி, அன்றைய மனநிலை. எல்லாம் மெய்ப்புப் பார்த்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததாலேயே பொய் மாதிரி இருந்தது. கடைசியில் அனுப்பியது:

'மூன்றாம் பாகத்தைக் கடைசிப் பெயர் வரை நேற்றுதான் பார்த்தேன். அன்று பாதியில் எழுந்து போய்விட்டேன். தெரியாதுடா.'

மார்ச் 25, செவ்வாய்

பதில் இல்லை.

மார்ச் 26, புதன்

படித்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இல்லை. நான் நான்கு முறை அழைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவன் பதினான்கு வருடம் அந்தக் கட்டுரையோடு இருந்திருக்கிறான். இரண்டு நாளில் பதில் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இதில் ஒன்று தெரிகிறது: காத்திருப்பதைவிடக் கோபமாக இருப்பது எவ்வளவு சுலபம்!

மார்ச் 28, வெள்ளி

மதியம், அலுவலகத்தில். பக்கம் 61 மூன்றாம் தடவையாக வந்தது, இந்தமுறை 'பரவாது' என்று. பிரிவுத் தலைவரே அச்சுக்கூடத்துக்குப் போய் நின்று மாற்றிவிட்டு வந்திருக்கிறார். "உங்க வட்டத்த ரெண்டு தடவை விட்டுட்டாங்க சார். எனக்கே அசிங்கமாப் போச்சு" என்றார். குத்தல் இல்லை. ஒருவேளை அன்றும் இல்லையோ?

அந்த நேரத்தில் போன். அந்த எண். மாடிப்படிக்கு ஓடினேன்.

"ஒற்று?"

அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பதினான்கு வருடம்.

"நீ பாதியில எழுந்து போனியா? நீயா? விதிய எழுதினவனே நீதானேடா!"

"வெடிச்சத்தம் வெச்சிருந்தாங்கடா."

அந்தப் பக்கம் ஏதோ இருமல் மாதிரி. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிக்கிறான்.

"அதுக்கு நானும்தான் சண்டை போட்டேன். கேக்கலை. 'கை விடு'க்கும் சண்டை. உன்னை மாதிரியே ஒருத்தன் அங்கயும் இருந்தான், 'கையை விடு'ன்னு வைங்கன்னான். எப்படிடா வைக்கறது? அவ வாய் மூணு தடவைதான் தொறக்குது. 'கையை விடு'ன்னா நாலு. பேசின பொண்ணுகிட்ட, நடுவுல ஒரு மூச்சு விடும்மா, இல்லன்னா ஒருத்தன் என்னைக் கொன்னுடுவான்னு சொன்னேன்."

"யாரு?"

"வேற யாரு?"

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. நல்ல தமிழில் இல்லை. "போடா" என்றான். "மூணு நாளா அந்த மெசேஜைப் படிச்சிட்டே இருந்தேன். உன்கிட்ட இருந்து வந்ததுல ஒரு தப்பாவது இருக்கும், அதப் பிடிச்சுத் திட்டலாம்னு தேடினேன். கெடைக்கலை."

சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி: 'ஆறாம் பாகம். ஏப்ரல் 5, காலை காட்சி. மூன்று டிக்கெட்.'

காலைக் காட்சி. 'க்' போய்விட்டது. வேண்டுமென்றே விட்டிருக்கிறான், எனக்குத் தெரியும். விரல் போனுக்குமேல் போய் நின்றது. எடுத்துக்கொண்டேன். 'வருகிறோம்' என்று மட்டும் அனுப்பினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான்காம், ஐந்தாம் பாகங்களை இரண்டே நாளில் பார்த்து முடித்தோம். நான்கு சுமார். ஐந்து நன்றாக இருக்கிறது. மெக்கானிக் பிழைத்திருக்கிறாள், பழுதான ஒரு கப்பலில் தனியாக. எவ்வளவு நல்ல விஷயத்தையெல்லாம் நான் பார்க்காமல் பட்டினி கிடந்திருக்கிறேன்!

ஏப்ரல் 5, சனி

அரங்க வாசலில் நின்றிருந்தான். குண்டூசியில் ஊசி போய்விட்டது, குண்டு மட்டும் இருக்கிறது. சொன்னேன். என் தலையைப் பார்த்து, "உனக்கும் மேல ஒண்ணும் ஒட்டலையேடா" என்றான். மகளைப் பார்த்து, "நீதான் இவரப் பிடிச்சு உக்கார வெச்சவளா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே நடந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நடந்தான்.

படம்: நரைத்த கேப்டன் அந்தப் பழுதான கப்பலைத் தேடிப் போகிறான். கடைசிப் பத்து நிமிடம் விண்வெளியில் மறுபடி நிசப்தம். எங்கோ யாரோ செய்த தப்பைத் தாங்களே உணர்ந்து திருத்தியிருக்கிறார்கள். கயிறு போய்க் கொக்கியில் விழுகிறது, அரங்கில் ஒரு சத்தம் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கைதட்டினோம். இல்லை, மூன்று பேர்.

பெயர்கள் ஓடின. துடைப்பத்தோடு வந்தவர் எங்கள் வரிசைக்கு வந்து காலைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தமிழ் உரையாடல் இந்தமுறை வேறு யாரோ. புதுப் பெயர். வெளியே வரும்போது குண்டூசி விலாவில் இடித்தான். "'கயிறை கட்டு'ன்னு ஒரு இடத்துல வந்துச்சே, கேட்டியா? எழுதப் போறியா?"

"சரியாக் காதுல விழலடா. இன்னொரு தடவை கேட்டாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை?"

"அடுத்த சனிக்கிழமை."

கயிற்றைக் கட்டு. எனக்கு நன்றாகவே கேட்டது.