தறித்தெருவின் விரதங்கள்

3-7-1944, திங்கள். எடப்பாடி.

இன்றோடு தறித்தெருவின் அறுபத்தொரு வீடும் முடிந்தது. நெசவாளர் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன, எத்தனை வேளை சாப்பிடுகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுத, ஜில்லா முழுதுக்கும் பதினோரு பேரை எடுத்தார்கள். பத்து ஆண்கள், நான் ஒருத்தி. அவர்கள் வாசலிலேயே நின்று வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நான் அடுப்படி வரை போய் உட்காருவேன். கர்வம்தான். வாழப்பாடி வெள்ளாமைக்காரர் மகளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு விஷயம் வேடிக்கை. ஆண்களும் பிள்ளைகளும் இரண்டு, மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வேளை. காரணம் கேட்டால் விரதம்! வெள்ளி, சனி, கிருத்திகை, ஏகாதசி. இந்தத் தெருவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டுத் தெய்வநாயகி அக்கா வாரத்தில் மூன்று நாள் இருக்கிறார். இவ்வளவு பக்தியான தெருவை நான் கண்டதில்லை. எல்லாக் கணக்குப் பாரத்திலும் 'விரதம்' என்று தவறாமல் எழுதிவிட்டேன்.

8-7, சனி.

அஸ்தம்பட்டி கணக்கெடுப்பு ஆபீஸில் பாரங்களைக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அர்த்தநாரி ஐயா புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதுனா இப்படி எழுதோணும்" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். வரும்போது என் கால் தரையில் பாவவில்லை.

13-7, வியாழன்.

ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவர் ஒரே வேளை சாப்பிடும் தெருக்களில் கஞ்சி ஊற்றப் போகிறார்களாம். எங்கள் தெரு பட்டியலில் இல்லை. சாமிக்காக இருக்கும் விரதம் பட்டினியாகாது என்று கழித்துவிட்டார்கள். நியாயம்தானே?

14-7, வெள்ளி.

நேற்று வரை இருபது நாளாகத் தறிக்கு நூல் இல்லை. இன்று வந்தது. நூலைக் கண்டதும் கடைக்காரரும் கடனுக்கு ராகி அளக்கத் தொடங்கிவிட்டார்.

15-7, சனி.

சனியும் கிருத்திகையும் ஒன்றாக விழுந்த நாள். தெருவே விரதமிருக்கும் என்று நினைத்துப் போனேன். எல்லாக் கூரையிலும் புகை. தெய்வநாயகி அக்கா வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ராகிக்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"ஏங்க்கா, இன்னிக்கு விரதம் இல்லீங்களா?" என்று வேறு கேட்டேன். புத்தி கெட்ட கழுதை.

அவர் களியைப் பார்த்தபடியே சொன்னார். "நூலு வந்திருச்சு அம்மணி."

அவ்வளவுதான். அப்படியென்றால் இருபது நாளும்? என்னத்த எழுதித் தொலைச்சேன் நான்? அடுப்படி வரைக்கும் போனியே, பானைக்குள்ள எட்டிப் பார்த்தியாடி?

16-7, ஞாயிறு.

திருத்தி எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டினின்னு எழுதிப்போடாதீங்க சாமி. விரதம்னா கும்புடுவாங்க. பட்டினின்னா சிரிப்பாங்க. எம்பேரு மட்டும் வேண்டாமுங்க."

வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் வீம்பால் தெருவுக்கே கஞ்சி இல்லாமல் போயிற்று என்று கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். இருபது நாளில் ஒருத்திகூட யாரிடமும் கை நீட்டவில்லை. பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நிமிர்ந்து நடந்திருக்கிறார்கள். அவர்களை நினைக்க நெஞ்சு விம்முகிறது.

21-7, வெள்ளி.

ஐந்து நாளாக எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனேன். மூன்று மாத விவரம் கேட்டேன். யார் பேரும் இல்லாமல் ஒரே தாள். இடப்பக்கம் நூல் வந்த வாரம், வராத வாரம். வலப்பக்கம் விரதமிருந்த பெண்கள். நூல் வந்த வாரங்களில் நாலைந்து பேர். வராத வாரங்களில் ஐம்பதுக்கு மேல். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை.

24-7, திங்கள்.

அர்த்தநாரி ஐயா தாளை இரண்டு முறை படித்தார். "உம்பட மொதக் கணக்கு தப்புன்னு நீயே எழுதிக் குடுக்கறயாம்மா? அடுத்த கணக்கெடுப்புக்கு எவன் கூப்புடுவான்?"

"கூப்பிடாட்டி போகட்டுங்க ஐயா. எழுதினது தப்புங்க."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அழுதேன். ஆனால் நான் எழுதியதிலேயே நல்லது அந்தத் தாள்தான். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

9-8, புதன்.

கஞ்சிக்கு உத்தரவு வந்துவிட்டது. அடுத்த கணக்கெடுப்புக்கான ஆட்கள் பட்டியலும் வந்தது. பத்துப் பேர்.

17-8, வியாழன்.

மறுபடி நூல் இல்லை. தெருமுனையில் கொட்டகை போட்டு, காலையிலேயே அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒருவரும் வரவில்லை. எல்லாக் கதவும் ஒருக்களித்தே இருந்தன. பேர் எழுத வந்த குமாஸ்தா மாரியப்பன், "நாளைக்கும் பாப்பமுங்க. இல்லாட்டி வேற தெருவுக்குக் கொண்டு போயிருவோம்" என்று உரக்கவே சொன்னார். கஞ்சி ஆடை கட்டி ஆறிப்போனது. எனக்கும் இன்று சோறு இறங்கவில்லை.

18-8, வெள்ளி.

நானும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். தெய்வநாயகி அக்கா வீட்டுக் கதவு திறந்தது. கையில் பெரிய பித்தளைப் போசி. அதை முந்தானைக்குள் மறைக்கவில்லை. ஓரமாகவும் வரவில்லை. நடுத்தெருவில் நடந்து வந்து அண்டாவுக்கு முன்னால் நின்றார். மாரியப்பன் பேர் கேட்டார். எழுத வேண்டாம் என்று சொல்ல எழுந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "தெய்வநாயகி. நல்லாப் பெருசா எழுதுங்க. பசிக்குது, வந்திருக்கறேன்."

மணி ஒன்றாவதற்குள் அவருக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் போசிகள். ஒன்றைக்கூட யாரும் மூடிக்கொண்டு வரவில்லை.