விட்டுப்போன படம் 6.4

ஆகஸ்ட் 4

நிலவியல் பாடப்புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது. வகுப்பில் மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். பார்வையில்லாத என் மாணவி, கணினி வாசிக்கக் கேட்பாள். படத்தில் என்ன இருக்கிறது என்று நான் எழுதி வைத்தால்தான் அவளுக்கு அந்தப் படம் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். இன்று ஒரே எரிமலை இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. சமையலுக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெட்டதில்லை என்கிறார் வீட்டுக்காரர்.

ஆகஸ்ட் 7

அவள் வந்தாள். என் கையில் ஒரு கல்லைத் திணித்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்கு அது வெறும் கல். அவளோ இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலடி என்றாள். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

ஆகஸ்ட் 14

ஆறாம் அத்தியாயம் நாளைக் காலை அவளுக்குப் போயாக வேண்டும். நாற்பத்தொரு படம்! முடியாமல் போனவற்றை ‘அலங்காரப் படம்’ என்று குறித்துவிட்டேன். பக்க ஓரத்துப் பூ, கோடு இவற்றுக்கான வசதி அது. அப்படிக் குறித்தால் கணினி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம்.

செப்டம்பர் 2

மறந்தேபோனேன். அடிப்பாவி, எப்படி மறந்தாய்?

தேர்வில் அவளுக்கு முப்பத்தொன்று. தேற நாற்பது வேண்டும். பாதி மதிப்பெண் படம் 6.4-ஐ வைத்த கேள்விக்கு: பழைய அடுக்கு புதிய அடுக்கின் மேல் வந்தது எப்படி? பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“அப்படி ஒரு படமே காதுல விழலக்கா. மூணு தடவ கேட்டேன். நான்தான் தூங்கிட்டேன் போல.”

நிலவியல் துறைத்தலைவர் அவளை வரலாற்றுப் பாடத்துக்கு மாறச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் சரிதானோ என்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். என் தவறைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

செப்டம்பர் 3

இன்றும் சொல்லவில்லை. என்ன மனுஷி நான்?

செப்டம்பர் 4

சொல்லிவிட்டேன்.

“படம் இருந்துச்சும்மா. நான்தான் தாண்டிப் போற மாதிரி வச்சுட்டேன்.”

இப்படி எத்தனை படம் என்றாள். பதினொன்று என்றேன்.

“ரெண்டு நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்க்கா.”

அழுதாள். நானும். ஆனால் மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. துறைத்தலைவரிடமும் இதைச் சொல்லுங்கள் என்றாள். சேர்ந்தே போனோம். எழுதித் தருவீர்களா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுதேர்வுக்கும், பாடம் மாறும் முடிவை அதுவரை தள்ளிப்போடவும் ஒப்புக்கொண்டார். என் வேலையைப் பற்றி மேலே பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். போனால் போகட்டும் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9

தினமும் மதியம் வருகிறாள். நான் எழுதியதைக் கேட்டுவிட்டு, “அழகான மலைன்னு சொன்னா நான் என்னக்கா பண்றது? எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லுங்க” என்கிறாள். மண்டையில் குட்டியது போலத்தான் இருந்தது. வேண்டியதுதான்.

6.4 எழுத்துக்கு அடங்கவில்லை. வீட்டிலிருந்து மூன்று குளியல் துண்டுகளைக் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, இரண்டு பக்கமும் இருந்து நெருக்கினோம். நடுவில் புடைத்து ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில் கையை விட்டுத் தடவினாள். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய அடுக்காக இருந்த சொரசொரப்புத் துண்டு அங்கே மேலே கிடந்தது.

“அடேயப்பா, மலையே குப்புற விழுந்திருக்கு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

செப்டம்பர் 18

மறுதேர்வு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 26

துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் கேட்டது வேறு. அடுத்த மாதம் மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகிறார்களாம். மறுதேர்வில் தேறிவிட்டதால் பட்டியலில் அவளும் இருக்கிறாள். அவளுக்கு அங்கே என்னென்ன வேண்டியிருக்கும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

“அவகிட்டயே கேளுங்க சார்” என்றேன்.

அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டார். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்.