உப்புத் துணியும் அழியாத நீலமும்

அடி ரஹீமா, என் தங்கமே,

நீலம் போகவில்லை! இன்று மத்தியானம் நாம் இருவரும் படிப்பித்த பள்ளி ஆய்வுகூடத்தில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போனதிலிருந்து உன் வாப்பா பஸார் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சோறு தண்ணி இல்லாம அந்தச் சோதனைக் குழாயோட கெடந்துதான் மகளுக்குச் சீக்கு வந்திச்சி. ஒண்ணுக்கும் ஆகாத வேல. எல்லாத்தையும் வீசிடுங்க டீச்சர்" என்றார். வீசுவேனா நான்?

உன் எண்ணம் எனக்கு மனப்பாடம். பங்கசு, அதுதான் பூஞ்சணம், ஒரு நொதியத்தைக் கக்கிக் கிழங்கிலுள்ள மாப்பொருளைக் கரைத்துத் தின்கிறது. தண்ணீரைத் தெளிய வைக்கும் அந்த வெள்ளைத் தூளோ மின்னேற்றமுள்ள செயற்கைப் பல்பகுதியம், அதாவது பொலிமர். எதிர் ஏற்றமுள்ள நொதியத்தை அது பிடித்துக்கொண்டால் மாப்பொருள் பிழைக்கும், அயடீன் விட்ட நீலமும் நிற்கும் என்றாய். ஆனால் ஒவ்வொரு தடவையும் நீலம் வெளுத்துத் தொலைந்ததே, ஏன்?

நமுனுகுலத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பாப்பாத்தி அக்காதான் நமக்குப் பூஞ்சணம் பிடித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். இன்று அவர் அவிழ்த்த துணி ஈரமாக, வெள்ளை பூத்துக் கிடந்தது.

"இது என்ன துணிங்க அக்கா?"

"அட்டை கடிக்காம இருக்க உப்பு கட்டிட்டுப் போவோம்ல, அந்தத் துணிதாங்க. எப்பவும் இதுலதான் சுத்துறது. வேற துணிக்கு நான் எங்க போவேன்?"

உப்பு! அடிப் பாவி, உப்புடி! துணியிலிருந்து கிழங்கில் ஊறிச் சாற்றில் கரைந்த உப்பின் ஏற்றங்கள் நடுவில் புகுந்து தூளையும் நொதியத்தையும் பிரித்துவிட்டிருக்கின்றன.

விடுதிச் சமையலறையில் உப்புப் படாமல் பூஞ்சணம் பூத்துக் கிடந்த கிழங்கை எடுத்துவர ஓடினேன். மாப்பொருளும் அயடீனும் விட்ட குழாய்களில் அதன் சாற்றை ஊற்றினேன். தூள் போடாத குழாய் வெளுத்தது. தூள் போட்டது நீலமாகவே நின்றது. இன்னொன்றில் தூளோடு உப்பையும் போட்டேன், வெளுத்தது!

"ஐயோ, நான்தான் கெடுத்தேனா டீச்சர்?" என்று பயந்துபோன அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு நான் அழுதேன். இதைப் பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை இந்தக் குழாய்களோடு வாப்பா கடைக்குப் போகிறேன். வியாபாரம் நடந்தாலும் சரி, துரத்தினாலும் சரி, அவர் கண் முன்னால் செய்துகாட்டிவிட்டுத்தான் திரும்புவேன். மகள் வீணாகச் சாகவில்லை என்றெல்லாம் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. உங்க மகள் சொன்னது சரி வாப்பா என்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
கமலம்