நோன்பு மாதத்தில் ஓர் உண்ணாவிரதம்

மேட்டுக்காலனி, ஆம்பூர்
19-12-1999

அன்பு மகன் அபினேஷுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். மூன்று நாளாகச் சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தவிர வேறு நோவு ஒன்றும் இல்லை. மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி, உன் கல்யாண விஷயமும் இதில் இருக்கிறது. முதலிலேயே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நம் காலனித் தண்ணீர் சங்கதி உனக்குத் தெரியாததா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரை வந்த குழாய் இந்தப் பக்கம் வர ஆறு வருஷமாக மனசு வைக்கவில்லை. தோல் பதனிடுகிற ஷாப் கழிவு இறங்கின நம் கிணற்றுத் தண்ணீரில் சோறு வைத்தால் பழுப்பாகிறது, சோப்பு போட்டால் நுரைப்பதில்லை, லாரியோ நாலு நாளைக்கு ஒரு தரம். செப்டம்பரில் கணியம்பாடியிலிருந்து ஃபீபி வீட்டார் சம்பந்தம் பேச வந்தபோது அவள் அம்மா கை கழுவப் போனவர், அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, "எம்பொண்ணு கொடம் தூக்கறதுக்கா நர்சு படிச்சா" என்று காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனாரே, காலனியில் தண்ணீரால் நின்றுபோன சம்பந்தம் அதோடு நாலு. நீயும் அந்தப் பெண் இல்லையென்றால் வேறு யாரையும் பார்க்காதீர்கள் என்று போனை வைத்துவிட்டாய். எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கமில்லை. அதற்குப் பிறகுதான் மாதர் சங்கத்தில் பேசி, உண்ணாவிரதம் இருப்பது என்று முடிவு செய்தோம். தொண்ணூற்று நாலிலும் தொண்ணூற்றேழிலும் இருந்தோம், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு தடவையும் சாயங்காலம் அதிகாரி ஒருவர் வந்து, குழாய் வந்துவிடும் என்று வாயால் சொல்லி, பழச்சாறு கொடுத்து முடித்துவைத்தார். ஜூஸ் நம் வயிற்றில் இறங்குவதற்குள் ஜீப் கிளம்பிவிடும். இந்த முறை எழுத்தில் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று எல்லோரும் கைதூக்கினார்கள்.

சங்கச் செயலாளர் என்பதால் தேதி குறிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சபைக் காலண்டரைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை முடிகிற நாளைப் பார்த்தேன், கரோல் ஆராதனைக்கு இடைஞ்சல் இல்லாமல் பதினாறாம் தேதி வியாழக்கிழமை என்று போட்டு, ரோஸ் கலரில் ஐந்நூறு நோட்டீஸ் அடித்து, போலீஸ் பர்மிஷனும் வாங்கியாகிவிட்டது. எதிர்வீட்டு நசீமா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள், சிரிக்கிறாள், அப்படிச் சிரிக்கிறாள். "இன்னாக்கா இது, எங்களுக்கு மாசம் பூரா உண்ணாவிரதம்தான், நீங்க ஒரு நாளைக்கு நோட்டீஸ் அடிச்சிருக்கீங்களே" என்றாள். ரம்ஜான் மாதம்! முப்பது வருஷமாக அந்த வீட்டுப் பெருநாள் பிரியாணியைச் சாப்பிடுகிறவள் நான், எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கத்தில் பூமி பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவசரமாகக் கூட்டம் போட்டோம். பின்வரிசையில் இருந்த ஒரு ஆள், பேர் வேண்டாம், அவங்க நோன்பை அவங்க பார்க்கட்டும், நாம மட்டும் உட்காருவோம், அதுவும் நல்லதுதான் என்று இழுத்தான். அந்த "நல்லதுதான்" எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் உலகத்தில் நடக்கிறதெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு நம் தெருவிலும் கோடு போடப் பார்க்கிறார்கள். அவங்க வீட்டுக் கிணறு மட்டும் இனிக்குதா என்று கேட்டேன். நசீமா எழுந்து, தேதியெல்லாம் மாத்த வேணாம், நாங்க விடியறதுக்கு முன்ன சஹர் சாப்ட்டுட்டு வந்து உக்கார்ந்துக்கறோம், எங்களுக்கு ஒண்ணும் பேஜார் இல்ல, நீங்க தாங்குவீங்களான்னு பார்த்துக்குங்க என்று சொன்னாள். இருபத்திரண்டு பேர் அவளோடு வருவதாகப் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடாமல் இருக்கும்போது நாம் பானை வைத்து மொண்டு குடிப்பது நன்றாயிராது என்று, பந்தலில் தண்ணீரே வைப்பதில்லை என முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை கிணற்றுக்குப் பக்கத்தில் பந்தல். நூற்றுப் பத்துப் பேர் பெண்களே, ஆண்கள் முப்பது பேர். உன் அப்பா பதினோரு மணிவரைதான் தாங்கினார். பிறகு ஆளைக் காணோம். ரம்ஜான் மாதத்தில் ஓட்டல்களுக்குத் திரை போட்டிருப்பார்களே, அந்தத் திரைக்குக் கீழே தெரிந்த செருப்பைப் பார்த்து நசீமாவின் தங்கை பிடித்துவிட்டாள். அது அவள் கம்பெனியில் அவள் கையாலேயே தைத்த ஜோடியாம், வார் தையலைப் பார்த்தே சொல்கிறாள்! இட்லி இரண்டுதான் என்று இன்றுவரை சாதிக்கிறார், ஊரில் பிரியாணி என்று பேச்சு. நீ கடிதத்தில் இதைக் கேட்டுவைக்காதே, கோபித்துக்கொள்கிறார்.

இன்னொன்று கேள். மத்தியானம் பந்தலுக்குள் ஒரு பெண் பி.பி. பார்க்கிற கருவியோடு வந்து நிற்கிறாள். யார் என்று பார்த்தால் ஃபீபி! லீவு நாளாம், பேப்பரில் பார்த்தாளாம், தானாக வந்தாளாம். (நீ எழுதிச் சொன்னாயா? உண்மையைச் சொல்.) எல்லோருக்கும் பி.பி. பார்த்து, எனக்கு ஜாஸ்தி என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டி, பிறகு தானும் சாப்பிடாமல் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலே முக்காலுக்கு ஜீப் வந்தது. அதிகாரி, புதிதாக மாறி வந்தவர், எலுமிச்சைச் சாறும் டம்ளர்களும் கையோடு கொண்டுவந்து, பத்திரிகைக்காரர்களைப் பக்கத்தில் நிறுத்தி, குழாய் நிச்சயம் வரும் என்று வழக்கம்போல வாயால் சொல்லிவிட்டு, முதல் டம்ளரை முன்வரிசையில் இருந்த நசீமாவிடம் நீட்டினார். அவள் தலையை ஆட்டி, "நோன்பு தொறக்க சங்கு ஊதணும் சார், இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது" என்றாள். அவர் டம்ளரை என் பக்கம் திருப்பினார். பொய் சொல்லமாட்டேன், பசியில் என் கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். அவங்க திறக்கிறப்ப நாங்களும் திறக்கிறோம் சார் என்றேன். பந்தல் முழுக்கக் கைதட்டல். முடித்துவைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று மேலே உத்தரவு போலிருக்கிறது, மனிதருக்குப் போகவும் முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் வேறு. அரை மணியில் தொண்டை வறண்டு, சாற்றை எங்கள் எதிரில் குடிக்கவும் கூச்சப்பட்டு, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா அம்மா என்று கேட்டார். பந்தலில் ஏது தண்ணீர், கிணறுதான் சார் இருக்குது என்று நசீமா மொண்டு சொம்பில் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தாரே பார்க்கணும்! கேமராக்காரர்கள் எதிரில் நிற்கிறார்கள், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, கன்னம் இரண்டும் உப்பிப்போய், கண் கலங்கிவிட்டது. எப்படியோ விழுங்கினார். பிறகு, இதையா தினமும் என்று மெதுவாகக் கேட்டார். ஜீப்பிலிருந்து பேடும் முத்திரையும் கொண்டுவரச் சொன்னார். மார்ச் முடிவதற்குள் ரயில்வே கேட் தாண்டிக் குழாய் என்று அவர் எழுத, நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துத் தேதி போடச் சொன்னேன். சங்கு ஊதியது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நானும் நசீமாவும் கட்டிப்பிடித்து அழுதோம், எதற்கு அழுதோம் என்று இருவருக்கும் தெரியாது. பள்ளிவாசல் கஞ்சி இரண்டு வாளி வந்தது, அதிகாரியும் குடித்தார், உன் அப்பா மூன்று கிண்ணம்.

இப்போது உன் சங்கதி. ஃபீபியை பஸ் ஏற்றிவிடப் போனேன். குழாய் மார்ச்சுக்குள் வந்துவிடும், உங்க அம்மாகிட்ட எடுத்துச் சொல்லும்மா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். கொழா வந்தாலும் வர்றேன், வராட்டியும் வர்றேன். ஆனா கொடத்த அவரும் தூக்கணும், கேட்டுச் சொல்லுங்க" என்று பஸ் ஏறிவிட்டாள். உன் அப்பாவைக் கட்டி முப்பத்தொரு வருஷம் ஆகிறது, இப்படி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லையப்பா.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக. கிறிஸ்மஸுக்குக் கோவிலுக்குப் போகத் தவறாதே, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதே. அந்தப் பெண்ணுக்குப் பதில் உடனே வேண்டும். சரி அம்மா, தூக்குகிறேன் என்று போனில் சொன்னால் செல்லாது. எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு அனுப்பு.

உன் அன்பு அம்மா,
தேவகிருபை சத்தியநாதன்