ஹம்மில் ஒரு பிறந்தநாள் வீடு

இன்று காலை கொதிகலனின் மூடியைத் திறந்ததும் பியருக்கான மால்ட் வெந்த வாசம் முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. பழக்கத்தில், "எடி, அந்தக் கதவைக் கொஞ்சம் திற" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. தனியாகக் காய்ச்ச எனக்கு இன்னும் பழகவில்லை.

ஜெர்மனியில், வுப்பர்டாலில், உங்கள் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நீ வருவாய். பெயின்ட் தொழிற்சாலை ஆய்வுகூடத்திலிருந்து நான் வருவேன். இரண்டு தமிழ்ப் பெண்கள் பியர் காய்ச்சுகிறார்கள் என்பது கோயிலில் கதையாகி, என் அம்மா கொஞ்சக் காலம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அப்பாவோ ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்து, "கைப்புக் கூடிப்போச்சு" என்றதோடு சரி. பியர் சரிவராமல் போனால் ஊற்றிவிட்டுச் சிரிப்போம். யாருக்கும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

விற்பது என்று முடிவெடுத்த பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. வுப்பர்டால் வாடகை எங்களுக்குக் கட்டாது என்று, ஹம் நகரத்தின் ஓரத்தில் மூடிக்கிடந்த இறைச்சிக்கடை ஒன்றை எடுத்தோம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, நிலத்தில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். எங்களுக்கென்றே கட்டியது போல இருந்தது. சுங்கத்துக்கு எழுதிக்கொடுக்க ஒரு அன்ட்ராக், சுகாதாரப் பகுதி ஆட்களைச் சந்திக்க ஒரு டெர்மின் என்று அலைந்து, மாரிக் குளிரில்தான் முதல் பெரிய தொட்டியை நிரப்பினோம். மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும் மானி ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது என்று நம்பிப் போத்தலில் அடைத்தோம். அது முடிக்கவில்லை. குளிரில் உறங்கிப்போயிருந்தது. சூடு பட்டால் போத்தலுக்குள்ளேயே விழித்து வாயுவைப் பெருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் பெட்டிகள் விற்பனைக்குப் போன வாரம், சனிக்கிழமை நாங்கள் தரை கழுவிக்கொண்டிருந்தோம். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்த போத்தல் வெடித்தது. எதிர்ச் சுவரின் ஓடு பிளந்து, கண்ணாடித் துண்டு ஒன்று அதில் குத்தி நின்றது. நீ அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்:

"வெளிய போன பெட்டியள் எங்கயெல்லாம்?"

எல்லாம் ஒரே தமிழ்க்கடைக்குத்தான் போயிருந்தன. நான் தொலைபேசி எடுத்தேன். கடைக்கார அண்ணை நிதானமாகத்தான் சொன்னார்: "பெட்டியள் பின்னால குளிருக்குள்ள கிடக்கு, தங்கச்சி. ஒரு பெட்டி மட்டும் காலமை போயிட்டுது. மகளுக்குப் பிறந்தநாளெண்டு ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனவர்."

அந்த மனிதரின் தொலைபேசி இலக்கத்தையும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வீட்டையும் அவரே சொன்னார். நீ கார் ஓட்டினாய். நான் அந்த இலக்கத்துக்கு அடித்துக்கொண்டேயிருந்தேன்.

"எடுக்கிறாரோ?"

"இல்லை."

"திரும்ப அடி."

சிவப்பு விளக்கில் நின்றோம். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஹீட்டர் சூடு, அதற்குப் பக்கத்தில் பிள்ளைகள்.

கதவு திறந்ததும் பாட்டுச் சத்தமும் பலூன்களும். பிள்ளைகள் குறுக்கும் மறுக்கும் ஓடினார்கள். பெட்டி சுவர் ஹீட்டரோடு ஒட்டியபடி இருந்தது. அதன் மேல் யாரோ ஒரு காகிதத் தொப்பியை வைத்திருந்தார்கள். நீ குரலை உயர்த்தவேயில்லை. "பிள்ளையள், எல்லாரும் அந்த அறைக்குள்ள ஓடுங்கோ. ஆர் முதல் போறியள் எண்டு பாப்பம்." அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். நான் கையோடு கொண்டுவந்திருந்த ஆய்வுகூடப் பாதுகாப்புக் கண்ணாடியைப் பறித்து மாட்டிக்கொண்டாய். புறப்படும்போது நனைத்து எடுத்துவந்த போர்வையைப் பெட்டிமேல் போட்டு, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாய். நான் முன்னால் ஓடிப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

பெட்டியை வெளியே வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தித் திரும்பியபோது ஒன்று வெடித்தது. போர்வை துள்ளி அடங்கியது. ஆனால் எனக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். ஊரில் சண்டைக் காலத்தில் குண்டு விழும்போது படுப்பது போல, அந்த வீட்டுக்காரர் குப்புறப் படுத்துக் கிடந்தார். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தார்.

நீ முதலில் செய்தது, பிள்ளைகளின் அறைக் கதவை மெல்ல இழுத்து மூடியதுதான். பிறகு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தாய். "அண்ணை, இது போத்தல். போத்தல்தான். நாங்கள் ஹம்மில இருக்கிறம்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய், அவர் தோள் தளரும் வரைக்கும்.

எழும்பியதும் அவர் கோபமாகக் கேட்டார். "நீங்கள் பியர் விக்கிறியளோ, குண்டு விக்கிறியளோ?"

"நீங்கள் கேக்கிறது சரி, அண்ணை" என்றாய்.

கடைக்கார அண்ணை எங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார்: "வெளிய கதைக்காதேங்கோ, பேர் கெட்டுப்போம்." நீ திங்கட்கிழமையே உணவுப் பரிசோதனை அலுவலகத்துக்கு நீயாக அழைத்துச் சொன்னாய். அவர்கள் எங்களை இளவேனில் வரும் வரை மூடிவைத்தார்கள். ஒவ்வொரு தொட்டியும் ஆய்வுகூடம் போய் வந்த பிறகுதான் போத்தலுக்குள் போகலாம் என்றார்கள். மீதிப் போத்தல்களைக் குளிரவைத்து, துணி போர்த்தி, ஒவ்வொன்றாகத் திறந்து வாய்க்காலில் ஊற்றினோம். மறுபடியும் தொடங்கினோம். பியர் நன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் உனக்கு நோய் என்று தெரிந்தது.

உன் செத்தவீட்டுக்கு அந்தப் பிறந்தநாள் வீட்டு மனிதர் வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்றார். வெளியே வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நான் கிடந்த கிடையை என்ர மகள் காணேல்லை. உங்கட சிநேகிதி காணவிடேல்லை."

எடி, உன் துணிச்சலைத்தான் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதவை நீ மூடிய விதம்தான் மனதில் நிற்கிறது. அவ்வளவு பயத்துக்குள்ளும் இன்னொருவரின் மானம் உன் கண்ணில் பட்டிருக்கிறது.

நேற்று டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு மதுச்சாலைக்காரர் அழைத்தார். இந்த வெள்ளிக்கிழமை விழாவாம். பியர் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். ஆய்வுகூட முடிவு இன்னும் வரவில்லை. அந்த ஓடர் எனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியும். "ஏலாது" என்று முதலில் தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு ஜெர்மனில் சொன்னேன். அவர் கோபத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டார். நான் போய் அடுத்த தொட்டியைக் கழுவத் தொடங்கினேன்.