புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சுக் கடிகாரம்

13-1-1991, ஞாயிறு

நான் கடைக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பொங்கலுக்குக் குத்துவிளக்கு தேய்த்த அண்ணி, அப்பாவின் பிரெஞ்சுக் கடிகாரத்தையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

பாண்டிச்சேரியில் அப்பா கார் ஓட்டிய வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. எண்வட்டத்தின் மேல் பூக்கூடையோடு ஒரு பெண் சாய்ந்திருப்பாள். உடம்பெல்லாம் தங்க முலாம். ஈரத்துணிகூடப் படக் கூடாது என்பார் அப்பா. இப்போது வெறும் பித்தளையாகப் பளபளக்கிறாள்.

"தங்கம் தங்கம்னு உங்கப்பா சொல்லிகினு இருந்தாரே, இன்னா கீது இதுல? பித்தளைதான்" என்றாள் அண்ணி.

அண்ணன் சிரித்தான். "நல்லா கதை வுட்டுகினு இருந்தாரு."

தங்கத்தைச் சாக்கடையில் கழுவி ஊற்றிவிட்டு, செத்துப்போன மனிதரைப் பொய்யராக்கிவிட்டார்கள். இவன் அவர் பெற்ற பிள்ளை.

கடிகாரத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்தேன். பூக்கூடைக்காரியின் முதுகுக்குப் பின்னால், விரல் நுழையாத இடுக்கில், கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டத்தான் வாயெடுத்தேன். காட்டவில்லை. காட்டினால், அழுக்கு இன்னும் போகவில்லை என்று காலையில் அண்ணி அதையும் தேய்த்துவிடுவாள்.